காந்தாரியும் சம்மந்தியும்

கேரளாவில், குமுளிக்குப் பக்கம் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே நாலு அறை உள்ள ஒரு ஹோம்ஸ்டேயில் நான் சமையல் செய்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி பாத்ரூம் எங்கே என்பது. மலைப்பாதை அப்படி. இரண்டாவது கேள்வி, "இங்க உள்ளூர்ச் சாப்பாடு என்ன ஸ்பெஷல்?"

இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. காய்கறி கீழே கம்பம் சந்தையிலிருந்து வருகிறது. மீன் ஐஸ் பெட்டிக்குள் கடற்கரையிலிருந்து மலையேறி வருகிறது. அரிசியும் வெளியூர்தான். ஏலக்காய் உள்ளூர்ச் சரக்கு, ஆனால் அதை விற்கத்தான் விளைவிக்கிறோம், யாரும் அள்ளித் தின்பதில்லை. எங்கள் மண்ணில் முளைத்து எங்கள் வயிற்றுக்குள்ளேயே போகிறது என்று சொல்ல எனக்குத் தெரிந்து மூன்றுதான் உண்டு: கப்பை என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக்கிழங்கு, பலா, காந்தாரி மிளகாய்.

அதனால் ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது என்பவர்களிடம், கப்பை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பேன். கிழங்கை வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், பிறகுதான் உப்பும் மஞ்சளும். குடம்புளி போட்ட மீன் கறி முந்தின நாளே வைத்திருந்தால் நல்லது. மழைக்காலத்தில் வந்தால் வாட்டிக் காயவைத்த கப்பை கிடைக்கும். மாட்டெலும்பும் கப்பையும் சேர்த்துக் கிண்டுவதற்கு எங்கள் பக்கம் ஏஷ்யாடு என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று கேட்காதீர்கள், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் பேரைப் பற்றிக் கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் காந்தாரிச் சம்மந்தி. காந்தாரி என்றால் விரல் நகத்தளவு மிளகாய். யாரும் நட்டு வளர்ப்பதில்லை, குருவி எச்சத்தில் தானாக முளைத்து வேலியோரம் வானத்தைப் பார்த்துக் காய்த்து நிற்கும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். கடுகுக்கே அப்படி என்றால் காந்தாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதோடு சின்ன வெங்காயம், உப்பு, துளிப் புளி சேர்த்துக் கல்லில் நசுக்கிப் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் சம்மந்தி. துவையலுக்கு மலையாளத்தில் அதுதான் பேர். நாங்கள் வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். மூன்று தலைமுறையாகத் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் துவையலை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் துவையல் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

படிக்கிறவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அது உறைக்க என் மகளின் கல்யாணமே நின்றுபோகிற நிலைமை வரவேண்டியிருந்தது.

உறைத்திருக்க வேண்டும். அதற்கான அறிகுறி முன்பே இருந்தது. சனி, ஞாயிறுகளில் மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் வருவதால், சாப்பாட்டு அறையில் தமிழிலும் ஒரு பலகை எழுதி வைக்கச் சொன்னார் ஹோம்ஸ்டேக்காரச் சேச்சி. நான் மலையாளப் பலகையைப் பார்த்து அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். பலாக்காயை வேகவைத்து மசித்தது 'சக்கைப்புழுக்கு' ஆயிற்று. ஒரு சின்னமனூர்ப் பெண்மணி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சக்கைங்கிறீங்க, புழுங்கிறீங்க, எதைத்தான் எங்களுக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். பலகையைத் திருத்தவில்லை. எழுதினது எழுதினதுதான் என்கிற புத்தி எனக்கு.

மகள் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிற பையனும் அவளும் விரும்பினார்கள். பையனின் ஊர் மலைக்கு நேர் கீழே, கம்பம் பக்கம். எங்களைப் போல வேதக்காரர்கள்தான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிற குடும்பம். அப்பாவுக்குக் கொஞ்சம் திராட்சைப் பந்தல் உண்டு. அவருக்கு இதில் சம்மதம். பையனின் அம்மாவுக்குத்தான் மனசில்லை. "மேல தோட்டத்து ஆளுங்களுக்கு வாய் நீளம்" என்று சொன்னாராம். அவர் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் மலை தெரியும். ஒரு நாள்கூட ஏறி வந்ததில்லை.

எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அந்தம்மா சொன்னது பொய்யில்லை. எனக்குச் சத்தம் அதிகம். கொழுந்துக் காட்டில் ஒரு சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருப்பவளிடம் பேசிப் பழகிய தொண்டை இது. நான் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் பதில் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

கடைசியில் பையனின் அப்பா பேசிப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஆயிற்று. மகள் போனில் சொன்னாள்: "அம்மா, பிரியாணி கிரியாணின்னு ஒண்ணும் போடாத. அந்தம்மா, மலையில என்னதான் சாப்பிடுறாங்கன்னு பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. நம்ம சாப்பிடுறதையே வையி." பிறகு, "இது நடக்கலேன்னா எனக்கு வேற இடம் பாக்காதம்மா" என்றாள். அவள் மிரட்டுகிற பிள்ளை இல்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நான் வாயே திறக்க மாட்டேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். அவர்கள் பூசை முடிந்து பதினோரு மணிக்கு வந்தார்கள். மகளுக்கு அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி, வர முடியவில்லை. பையனின் அம்மா ஒல்லியான ஆள், மாம்பழ நிறப் பருத்திச் சேலை, மலையேறி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. நான் பால் விடாத கட்டன் காப்பி கொடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஏலக்காய் விலை, திராட்சை விலை என்று பையனின் அப்பாவுடன் பேசிக்கொண்டிருந்தார். என் அமைதியைப் பார்த்து அவருக்கே பயம் வந்து, உடம்பு சரியில்லையா என்று கண்ணால் கேட்டார்.

ஆனால் அடுக்களை வேறு ஊர் என்று நினைத்துவிட்டேன். அங்கே என் தங்கச்சி கல்லில் காந்தாரி நசுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை வலுவில்லை. பாதி மிளகாய் முழுசாகக் கிடந்தது. அடக்கி வைத்திருந்த வாய் அங்கே போனதும் திறந்துகொண்டது.

"சம்மந்தியை என்ன தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க? ஓங்கி நசுக்கு" என்றேன்.

"நசுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன். இப்பவே கண்ணெல்லாம் எரியுது."

"எரியத்தான் செய்யும். சம்மந்தின்னா லேசுப்பட்டதா? விடாத, நசுக்கு."

"எம்புட்டுக்கா வைக்க?"

"சம்மந்தியை ஓரமா வச்சாப் போதும். நடுவுல வச்சா எல்லாத்தையும் கெடுத்துரும்."

பின்வாசல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குழாய் இருக்கிறது. பையனின் அம்மா கை கழுவ அங்கே வந்திருந்தார். ஜன்னலில் மாம்பழ நிறம் ஒன்று நகர்ந்து போனதை நான் பார்த்தேன். சோப்பு கொடுக்கவில்லையே என்று மட்டும்தான் நினைத்தேன்.

இலை போட்டோம். கப்பை, மீன் கறி, சோறு, ரசம், கோழி, ஓரத்தில் சம்மந்தி. பையனின் அப்பா சம்மந்தியை நாக்கில் வைத்துத் தும்மினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் கேட்டார். பையன் கப்பையை இரண்டு தடவை போட்டுக்கொண்டான். அவன் அம்மா கொஞ்சம் சோறும் ரசமும் சாப்பிட்டார். கப்பை வைக்கப் போனபோது இலைக்கு மேல் கையை மறித்து, "பழக்கமில்லைங்க" என்றார். சம்மந்தியைத் தொடவே இல்லை. மழைக்கு முன்னால் இறங்க வேண்டும் என்று எழுந்துவிட்டார்கள். வானம் வெளுத்துக் கிடந்தது, மழைக்கான அறிகுறியே இல்லை. "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார் பையனின் அப்பா, மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டே.

புதன்கிழமை மகள் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"நீ என்னம்மா சொன்ன?"

"நான் எங்க வாயத் திறந்தேன்?"

"அவங்க அம்மாவை ஓங்கி நசுக்கணும்னு சொன்னியாம். ஓரமா வைக்கணும், நடுவுல விட்டா எல்லாத்தையும் கெடுத்துருவாங்கன்னு சித்திகிட்ட சொன்னியாம். அவங்க காதால கேட்டாங்களாம். சம்மந்தம் பேச வந்த அன்னிக்கே இப்படின்னா, நாளைக்கு என்னன்னு கேட்டு அழுறாங்களாம்."

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நான் அப்படி நினைக்கக்கூட இல்லை. கோபம் வந்தது. பொண்ணு வேண்டாமென்றால் நேராகச் சொல்லலாம், இப்படிக் கதை கட்ட வேண்டியதில்லை என்று போனிலேயே கத்தினேன். மகள் பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். அப்படி அவள் வைத்தது அதுவரை இல்லை. அன்று முழுக்க என்னென்ன பேசினேன் என்று யோசித்தேன். தங்கச்சியிடமும் கேட்டேன். "மிளகாய் நசுக்கச் சொன்ன, அம்புட்டுத்தான்க்கா" என்றாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, அவளுக்கும் வித்தியாசமாக ஒன்றும் காதில் விழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஹோம்ஸ்டேயில் மதுரைக் குடும்பம் ஒன்று. சாப்பாட்டு அறையில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டு மருமகள் என் பலகையைக் காட்டித் தன் மாமியாரிடம் படித்துக்கொண்டிருந்தாள்: "காந்தாரிச் சம்மந்தி. அத்தை, எங்க அம்மாவைப் பலகையில எழுதி வச்சிருக்காங்க. வாங்கித் தொட்டுக்கிறீங்களா?" மாமியாரும் சிரித்தார். "உங்க அம்மாவை எதுக்கு வாங்கணும்? அதான் வாரா வாரம் வர்றாங்களே" என்றார்.

கையில் கொதிக்கிற மீன் சட்டி இருந்தது. அதைக் கொண்டுபோய் அடுப்படியில் இறக்கி வைத்தேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த அம்மா குழாயடியில் ஈரக் கையோடு நின்று ஒவ்வொன்றாகக் கேட்டது கண்ணுக்கு முன்னால் வந்தது. நசுக்கு. விடாதே. ஓரமா வை. சிரிப்பு நின்றுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, என் மகளையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன்.

இரண்டு சம்மந்தியும் எனக்குத் தெரியும். ஒன்று பெண் கொண்டவர், கொடுத்தவர். இன்னொன்று இலையில் வைக்கிறது. இத்தனை வருஷத்தில் அவை இரண்டும் ஒரே சொல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மகளிடம் சொன்னேன். அவள் பையனிடம் சொன்னாள். பையன் தன் அம்மாவிடம் சொன்னான். அங்கேயிருந்து வந்த பதில்: "தொட்டுக்கிறதுக்கு எவளாச்சும் சம்மந்தின்னு பேரு வைப்பாளா? கேக்குறவன் கேனையன்னா எதை வேணாலும் சொல்லுவாங்க."

அவர் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"போன்ல பேசு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாய் பண்ணின வேலைய வாய் சரி பண்ணாது" என்றேன். சேச்சியிடம் திங்கட்கிழமை லீவு கேட்டேன். வேலியோரம் போய் ஒரு கை காந்தாரி பறித்தேன். சின்ன வெங்காயம், உப்பு, புளி, ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய். விடியக்காலையில் கப்பை அவித்துத் தூக்குச்சட்டியில் போட்டுத் துணியால் சுற்றிக்கொண்டேன். சாப்பாட்டு அறைப் பலகையையும் சாட்சிக்கு எடுத்துப்போகலாமா என்று யோசித்தேன். என் எழுத்தில் நானே எழுதியதைச் சாட்சியாகக் காட்டினால் அந்தம்மா அதையும் நம்ப மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

குமுளியில் இறங்கிச் செக்போஸ்டை நடந்து கடந்து அந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு கீழே இறங்க இறங்க உடம்பு சூடாகிக்கொண்டே வந்தது. திராட்சைப் பந்தல்கள் தெரிய ஆரம்பித்தன. என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் லோயர்கேம்ப் வருவதற்குள் மறந்துவிட்டது. பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிடுவாரோ என்று நினைத்தேன்.

சாத்தவில்லை. "வாங்க" என்றார் பையனின் அம்மா. வாசலுக்கு வந்தவளை வா என்று சொல்லித்தானே ஆக வேண்டும். வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"உங்க வீட்டுல அம்மி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கொல்லைப்புறத்தைக் கையால் காட்டினார். முருங்கை மரத்தடியில் அம்மி கிடந்தது. மிக்சி வந்த பிறகு யாரும் தொட்டிருக்கவில்லை, இலைச்சருகு அப்பியிருந்தது. நானே தண்ணீர் மொண்டு ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து காந்தாரியையும் வெங்காயத்தையும் உப்பையும் வைத்துக் குழவியால் குத்தினேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊருல இதுக்குப் பேருதான் சம்மந்தி" என்றேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாகச் சொன்னேன்.

"ஓங்கி நசுக்கச் சொன்னீங்க" என்றார்.

"ஆமாங்க. இது அரைக்கக் கூடாது. நசுக்கத்தான் செய்யணும்."

"லேசுப்பட்டது இல்லைன்னீங்க."

"ஆமாங்க."

"நடுவுல வச்சா எல்லாத்தையும் கெடுத்துரும்னீங்க."

"கப்பையில பட்டா காரம் தாங்காதுங்க. அதுக்குச் சொன்னேன்."

ஒரு வார்த்தையையும் அவர் மறந்திருக்கவில்லை. நான் எண்ணெய் ஊற்றிக் குழைத்து, தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு துண்டுக் கப்பையில் துளி சம்மந்தியைத் தொட்டு நீட்டினேன். வாங்குவாரா என்று தெரியவில்லை. வாங்கி வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் கட்டியது. மூக்கை உறிஞ்சினார். தண்ணீர் கேட்கவில்லை.

"லேசுப்பட்டது இல்லதான்" என்றார்.

இன்னொரு துண்டை அவரே எடுத்துக்கொண்டார். தின்றுகொண்டே பேசினார். "எனக்கு ஒத்தப் பிள்ளைங்க. வர்றவ என்னை ஓரமா வச்சிருவாளோன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குப் பயம். கையக் கழுவ வந்தா, ஓரமா வையின்னு உங்க சத்தம் கேக்குது. நான் மனசுல நெனச்சுக்கிட்டிருந்ததை யாரோ உரக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். காந்தாரியாலா, வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் அதே பயம்தான் என்றேன். என் பிள்ளையை மலைக்காரி என்று இங்கே ஓரமாக வைத்துவிடுவீர்களோ என்று பயம். சொல்லும்போது குரல் பழையபடி ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு மதில் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் அந்தத் தலையைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, நம்ம ஆளுதான்" என்றார்.

பந்தலுக்குப் போயிருந்த பையனின் அப்பா வருகிற சத்தம் கேட்டது. தூக்குச்சட்டியில் கப்பை இருந்தது. அம்மியில் சம்மந்தி தீர்ந்துவிட்டது. நான் மிச்சக் காந்தாரியை எடுத்து வைத்துக் குழவியைத் தூக்கினேன். அவர் முக்காலியை விட்டு இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குழவியைப் பிடித்தார்.

"தள்ளுங்க சம்மந்தி. நான் நசுக்குறேன்."

எந்தச் சம்மந்தி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் தள்ளி உட்கார்ந்தேன்.